வரைபடமும் வலைத்தளமும்



வீடு கட்டுவோர் முதலில் படம் வரைவர்; பிறகே கடைக்கால் தோண்டுவர். வலைத்தளம் அமைப்பதிலும் இவ்விரு வேலைகள் உண்டு. தோற்றத்தை வரைபவர் ஒருவர்; அதனைக் கணினிக்குரிய மொழியில் எழுதுபவர் மற்றொருவர். முன்னவர் வரைந்ததைப் பின்னவர் மீண்டும் அளந்து எழுத வேண்டியிருந்தமையால், காலமும் உழைப்பும் இருமடங்காயின.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், 1989ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். இது தலைப்பு, இது பத்தி என்று பக்கத்தின் உறுப்புகளைச் சுட்டுவது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. நிறமும் அளவும் இன்னவை என்று தோற்றத்தை வகுப்பது, 1996இல் முறைப்படுத்தப்பெற்ற சி.எஸ்.எஸ். உறுப்பு வேறு, ஒப்பனை வேறு என்னும் இப்பாகுபாட்டை மறவாதீர்கள்.

இன்று ஃபிக்மா என்னும் கருவியில் பக்கத்தை வரைந்து, வெப்ஃபுளோ என்னும் கருவியில் தளமாக எழுப்புகின்றனர். முன்னதில் வரைந்ததைப் பின்னதற்குக் கொண்டுசெல்லும் இணைப்புக் கருவியும் உண்டு. ஆயினும், பெட்டிகளைக் கண்ணளவால் ஆங்காங்கே வைத்துவிட்டால் அவை செம்மையாகச் சென்று சேரா. எது எதனுள் அடங்கும், இடைவெளி எவ்வளவு, எது எதற்குக் கீழே வரும் என்பவற்றை, 'ஆட்டோ லேஅவுட்' என்னும் வசதியால் முன்னரே வகுத்திருத்தல் வேண்டும்.

என் பிழை ஒன்றையும் கூறுகின்றேன். ஓய்வுபெற்ற பின், பழைய மாணவர்களுக்கான தளம் ஒன்றை இவ்விரு கருவிகளையும் கொண்டு அமைத்தோம். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. பார்வையற்ற பழைய மாணவர் ஒருவர், எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளால் அதனைக் கேட்டார். "ஐயா, தலைப்பு எது, செய்தி எது என்று தெரியவில்லையே! எல்லாம் ஒரே மூச்சில் ஓடுகின்றதே!" என்றார். நான் நாணினேன். தலைப்புகளைப் பெரிய எழுத்தில் வரைந்தோமேயன்றி, தலைப்பு என்று குறித்தோமில்லை. படங்களுக்கும் விளக்கம் எழுதவில்லை. ஒரே மாலையில் அக்குறைகளை நீக்கினோம். பின்னர் அவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் சென்று, தம் வகுப்பின் பெயர்ப்பட்டியலைத் தாமே கண்டடைந்தார்.

மாணவர்களே! கருவிகள் இணைந்து கைவேலையைக் குறைக்கும்; எண்ணிப் பார்க்கும் வேலை நம்முடையதே. அவை மிச்சப்படுத்தித் தரும் பொழுதில், கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பவருக்கும் வழி புலப்படுமாயின், உங்கள் வேலை முடிந்தது.