போத்தலுக்குள் ஒரு வனம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பாலர் வகுப்பிலே மழைக்காட்டைப் பற்றி எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பது குறித்துச் சில வார்த்தைகள் பேச விழைகின்றேன். முன்னொருகால் நான் கரும்பலகையிலே "சிங்கராஜ வனம்" என எழுதி, அதன் மழைவீழ்ச்சியையும் மரங்களையும் ஒப்புவிக்கச் செய்தேன். சிறார் பிழையின்றி ஒப்புவித்தனர். ஆயின் ஒரு சிறுமி எழுந்து, "காட்டுக்குள்ள மழை எங்கையிருந்து வருது, சேர்?" என்றாள். கரும்பலகையில் அதற்கு விடை இருக்கவில்லை.

அடுத்த கிழமை வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொண்டு சென்றேன். அடியிலே சிறு கற்கள், அவற்றின்மேல் இடித்த கரி, அதன்மேல் மண். கிணற்றுக்கட்டில் வளர்ந்த பாசியையும் சிறு பன்னத்தையும் பிள்ளைகளே நட்டனர். சிறிது நீர் தெளித்து, மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தோம். மறுநாட் காலை கண்ணாடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. இலையும் மண்ணும் விட்ட நீராவி, துளியாகி மீண்டும் மண்ணில் இறங்குவதைக் கண்ணாற் கண்டனர். கடலிலிருந்து பருவக்காற்று மழையைக் கொணர்கின்றது, காடும் தான் பெற்ற நீரில் ஒரு பகுதியை வானுக்கு மீள அளிக்கின்றது என்று அப்பொழுது சொன்னேன், விளங்கிற்று. அன்பு மிகுதியால் பிள்ளைகள் நாள்தோறும் திறந்து நீர் வார்த்ததில் அப்போத்தற் செடிகள் அழுகிப்போயின. அதுவும் ஒரு பாடமே. இரண்டாம் போத்தல் செழித்தது.

பின்னர் இரண்டு தட்டுகளை எடுத்தோம். ஒன்றிலே புல் முளைத்த மண். மற்றதிலே வெறும் மண். இரண்டையும் சாய்த்து வைத்து ஒரே அளவு நீரைப் பூவாளியால் வார்த்தோம். புல்லிருந்த தட்டிலிருந்து வழிந்த நீர் தெளிந்திருந்தது. மற்றதிலிருந்து சேறு வழிந்தது. சிங்கராஜ வனத்து ஓடைகள் களு கங்கையையும் ஜின் கங்கையையும் சென்றடைகின்றன. மரம் போனால் அந்நதிகளுக்கு யாது நேரும் என்பதைச் சிறார் தாமே கூறினர்.

இது வெறும் விளையாட்டன்று. 1970களில் ஒட்டுப்பலகைக்காக அவ்வனத்து மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்புக் குரல் எழுந்தது. 1977 ஆம் ஆண்டில் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அங்குள்ள மரங்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. இங்கே அழிந்தால், பிறிதோர் காட்டிலிருந்து அவற்றைக் கொணர இயலாது.

அன்று குரல் கொடுத்தவர்கள் காட்டின் அருமையை அறிந்தவர்கள். நாளை குரல் கொடுக்க வேண்டியவர்கள் இன்று எமது பாலர் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே பெரியோர்களே, கையில் மண் படும் என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். இளைஞர்களே, வருகின்ற ஞாயிறு வகுப்புக்கு ஆளுக்கொரு வெறும் போத்தலுடன் வாருங்கள். மண்ணும் பாசியும் பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.