பெயர் சொல்லி அழைப்போம்

(நூற்றாண்டு விழாவில் விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



உயர்தரம் படித்த நாட்களில் விஞ்ஞானக் கண்காட்சிக்காக ஒரு படம் வரைந்தோம். மஞ்சள் உடல், கரும்புள்ளிகள், நீண்ட வால். கீழே பெரிய எழுத்தில் 'புலி' என்று எழுதினோம். விலங்கியல் ரீச்சர் வந்து பார்த்தார். "பிள்ளையள், இலங்கைக் காட்டில வரிப்புலி எங்க கிடக்கு?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். அன்று தொடங்கிய தேடலின் சிறு பகுதியே இவ்வுரை.

பூனைக் குடும்பத்து விலங்குகளுக்குப் பெயரிட்டவர்கள் அவற்றை உற்றுப் பார்த்தவர்கள். 'கரகல்' என்ற பெயர் துருக்கி மொழியின் 'கராகுலாக்' என்பதிலிருந்து வந்தது, பொருள் கருங்காது. பாரசீகர் அதையே 'சியாகோஷ்' என்றனர்; அதுவும் கருங்காதுதான். 'சீட்டா' இந்தி வழியாக வந்த சொல். புள்ளியுடையது என்று பொருள்படும் வடமொழிச் சொல்லே அதன் வேர்.

பெயர்கள் பிழைத்ததும் உண்டு. 'லெப்பர்ட்' என்பதில் சிங்கத்தைக் குறிக்கும் 'லியோன்', சிறுத்தையைக் குறிக்கும் 'பார்டோஸ்' என்ற இரு கிரேக்கச் சொற்கள் உள்ளன. இரண்டின் கலப்பில் பிறந்த விலங்கு என்று பண்டையோர் நம்பினர். நம்பிக்கை பொய்த்தது, பெயர் நிலைத்தது. மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழியில் 'ஒசெலோட்ல்' என்பது ஜாகுவாரின் பெயர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் அதைச் சுருக்கி, வேறொரு சிறிய பூனைக்கு வைத்துவிட்டார்.

தமிழும் நுட்பமாகப் பார்த்த மொழிதான். தொல்காப்பிய மரபியல் புலியின் இளமைக்குக் 'குருளை' என்றும், வெருகு எனும் காட்டுப்பூனையின் இளமைக்குக் 'குட்டி' என்றும் வேறு வேறு சொல் வகுத்தது. இன்று நாம் என்ன செய்கிறோம்? இலங்கையில் சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை என நான்கு இனங்கள் வாழ்கின்றன. முதலாவதைப் 'புலி' என்றும், மற்ற மூன்றையும் 'காட்டுப்பூனை' என்றும் சொல்லி முடித்துவிடுகிறோம். துருப்புள்ளிப் பூனை உலகின் மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்று. 1831இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது, புதுச்சேரியில் பெறப்பட்ட மாதிரியைக் கொண்டு. அந்த இலத்தீன் பெயரின் பொருள், எங்கள் பேச்சில் சொன்னால், கறள் நிறத்தது.

சிறுத்தைக்கு வருவோம். இலங்கை விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல 1956இல் நம் நாட்டுச் சிறுத்தைக்கு 'கொட்டியா' என்ற சிங்களச் சொல்லையே துணையினப் பெயராக வைத்தார். அச்சொல்லும் வரிப்புலி, சிறுத்தை இரண்டுக்கும் வழங்குவது. போர்க்காலத்தில் வளர்ந்த எங்களுக்கு, இரு மொழியிலும் இந்தச் சொற்கள் விலங்கை நினைவூட்டவில்லை. பஸ்ஸிலும் சோதனைச்சாவடியிலும் குரலைத் தாழ்த்தியே 'புலி' என்றோம். சொல்லுக்குப் பின்னால் விலங்கு மறைந்துபோனது.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று சிலரைக் காயப்படுத்தியது. பின்னர் அது அடித்துக் கொல்லப்பட்டது. அந்தக் காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்தோம். ஊரவர் அச்சத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. பெயர் தெரிந்திருந்தால் மட்டும் அந்த உயிர் தப்பியிருக்கும் என்றும் சொல்லவில்லை. ஆனால், அறியாத ஒன்றின்மீதான அச்சம் இலகுவில் வெறுப்பாகிவிடும். அறிதலின் முதற்படி பெயர்.

ரீச்சர் காலையில் இடாப்பு வாசிக்கும்போது ஒவ்வொருவர் பெயரையும் முழுமையாகச் சொல்வார். ஒரே பெயருடைய மூவர் இருந்தும் ஒருவரை மற்றவரென்று அவர் அழைத்ததில்லை. "பெயரைப் பிழையாச் சொன்னா, வந்த பிள்ளையும் வராத பிள்ளைதான்" என்பார்.

சகோதரிகளே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த நான்கு பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள். விடுமுறைக்கு வரும்போது வில்பத்துவுக்கோ யாலவுக்கோ அழைத்துச் சென்று காட்டுங்கள்.

அன்று அந்தப் படத்தை நாங்கள் கிழிக்கவில்லை. 'புலி' என்பதை அழித்து, 'சிறுத்தை' என்று எழுதினோம். கண்காட்சியில் அதுவே தொங்கியது.