உயிர் வருந்தா ஒளி



பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளே சமணர்க்குத் தீபாவளி. ஞான ஒளி மறைந்தமையால் அதன் நினைவாகப் புற ஒளி ஏற்றப்பட்டது என்பது மரபு. கொல்லாமையைப் போதித்த பெருமானுக்காக ஏற்றும் சுடரில் ஓர் உயிர் வெந்து மடியலாமா?

இவ்வினா தென்காசி, குற்றாலப் பகுதி இல்லங்களுக்கு மிகவும் பொருந்தும். ஆனி, ஆடியில் இங்கே சாரல். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும். மின்சாரம் நின்றால் மெழுகுவர்த்தி ஏற்றப்படும். ஈசலும் விட்டிலும் அதனை நாடி வரும். விட்டிலை நான்கறிவுயிர் எனச் சமண நூல்கள் வகுக்கும். அந்த நான்காம் அறிவாகிய பார்வையே அதனைச் சுடருக்கு இழுத்து வருகிறது. ஆதலின் காக்கும் கடமை விளக்கேற்றுபவருடையது.

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லத்தில் இரவு விளக்கின் தேவையே குறைவு. ஏற்ற நேர்ந்தால், முதலில் சன்னல்களைச் சாத்துக. கண்ணாடிக் கூண்டினுள் சுடரை வைத்து, மேல்வாயை நுண்ணிய கம்பிவலையால் மூடுக. ஈசல் அடங்கியபின் சன்னலைத் திறந்து காற்றோட்டம் தருக.

மெழுகையும் ஆராய்தல் வேண்டும். தேன் விலக்கிய இல்லத்தில் தேன்மெழுகு எரிதல் தகாது. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பெட்ரோலியத்திலிருந்து பெறும் பாரபின் மெழுகு. அதனுடன் சேர்க்கப்படும் ஸ்டியரிக் அமிலம் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். கேட்டறிந்து வாங்குதல் நன்று. ஐயமிருப்பின் எண்ணெய் அகலே போதும்.

1860-61ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மெழுகுவர்த்தியைப் பற்றியே சிறுவர்க்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். சுடரினுள் கனலும் கரித்துகள்களே ஒளி தருகின்றன என்று அவர் விளக்கினார். அத்துகள்கள் முற்றும் எரியாதபோது கரிப்புகை எழுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றில் சுடர் அலைந்தாலும், திரி நீண்டாலும் புகை மிகும். எனவே திரியைக் கால் அங்குல அளவாகக் கத்தரித்து, காற்று நேரே படாத இடத்தில் வைத்தல் வேண்டும். திரைச்சீலையும் கட்டிலும் அருகில் இருத்தலாகாது. சிறார் கைக்கு எட்டலாகாது. விளக்கை எரியவிட்டு உறங்குதல் பெரும்பிழை. அமர்த்தும்போது ஊதாமல் உலோக மூடியால் மூடுக. கொதிக்கும் மெழுகில் நீர் ஊற்றினால் அது தெறித்துச் சுடும்.

விடிந்தபின் விளக்கின் அடியைப் பார்த்தல் வேண்டும். அங்கே ஓர் இறகும் உதிர்ந்து கிடக்கவில்லையாயின், அவ்வில்லத்தில் தீபாவளி முறையாக நிகழ்ந்தது எனலாம். அறம் வளர்க!