பாலை மரத்தில் நகக்கீறல்



வைகாசி, ஆனி மாதங்கள் வன்னியில் பாலைப்பழக் காலம். மஞ்சள் நிறச் சின்னப் பழம். தேன் போல இனிக்கும். நாலு பழம் தின்றால் அதன் பால் உதட்டில் பிசின் போல ஒட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இன்னொரு விருந்தாளியும் இந்தப் பழத்துக்குக் காத்திருக்கிறது. கரடி!

சுண்டிக்குளம் பக்கத்து வனஜீவராசிகள் காவலர் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்த பாடம் இது. பாலை மரத்தடிக்குப் போனால், முதலில் பழத்தைப் பார்க்காதீர்கள். அடிமரத்தைப் பாருங்கள். பட்டையில் நகக்கீறல் இருக்கிறதா? கீறல் புதிதா? புதிதென்றால் கரடி பக்கத்தில் நிற்கலாம். மரத்தின் மேலேயே இருக்கலாம். கரடி நன்றாக மரம் ஏறும். திடீரென்று ஆளைக் கண்டால் மிரண்டு பாயும். முகத்தைத்தான் கிழிக்கும்.

ஆகவே தனியே போகாதீர்கள். பேசிக்கொண்டே போங்கள். சத்தம் கேட்டால் பெரும்பாலும் அது விலகிவிடும். மறவாதீர்கள், முதலில் அடிமரம், பிறகுதான் பழம்.

கரடியைப் பகையாக எண்ணவும் வேண்டாம். அது தின்ற பழத்தின் விதை எச்சத்தோடு காடெங்கும் போய் விழுகிறது. அங்கே புதுக் கன்று முளைக்கிறது.

ஒரு வேண்டுகோள். பழத்துக்காகக் கொப்பை வெட்டாதீர்கள். பாலை மிக மெதுவாக வளரும் மரம். உதிர்ந்ததைப் பொறுக்குங்கள், எட்டியதைப் பறியுங்கள். தேசியப் பூங்காவுக்குள் மட்டும் அதுவும் கூடாது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே இலையைக்கூடத் தொட விடாது.