திருத்த இயலாத கணக்கெடுப்புப் படிவம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு சமூகம் தன் குடும்பங்களைத் தானே எண்ணி வைத்திருத்தல் எத்துணை அவசியம் என்பதை நம் கடலோரம் 2023ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் உணர்ந்தது. மிக்ஜாம் புயலின் பெருவெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வலைகளையும் படகுகளையும் பாழாக்கிற்று. அரசாங்கத்தார் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தனர். இத்தகைய சமயங்களில் ஜாபிதாவில் பெயருள்ளோர்க்கே உதவி எளிதிற் கிட்டும். விடுபட்டோர் மனுவும் கையுமாக அலைய நேரும்.

இக்காலத்தில் சங்கங்கள் இக்கணக்கைக் கூகிள் படிவத்தின் வாயிலாக எடுக்கின்றன. இடையில் ஒரு குறை தெரியவருகிறது: ‘சொந்தப் படகு உண்டா?’ என்று கேட்டோமேயன்றி, பிறர் படகில் தொழிலுக்குப் போவோரையும், காசிமேட்டில் மீன் விற்கும் மாதரையும் கேட்டோமில்லை. திருத்தப் புகுந்தால் படிவம் இடங்கொடுப்பதில்லை. ஏன்? படிவம் சங்கத்தின் சொத்தன்று. அதை உண்டாக்கியவருடைய மின்னஞ்சல் கணக்கின் சொத்து என்பதே காரணம்.

அப்பொழுது செய்யத்தக்கன யாவை?

முதலாவது, நம் கையிலுள்ள முகவரியைப் பார்த்தல் வேண்டும். பதில் எழுதுவதற்கான முகவரி வேறு, திருத்துவதற்கான முகவரி வேறு. முன்னது திருத்தும் உரிமையைத் தராது.

இரண்டாவது, கைபேசியில் எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று நோக்குக. ஒருவருக்கே இரண்டு மூன்று கணக்குகள் இருப்பின், உரிமையற்ற கணக்கால் நுழைந்து வருந்துதல் உண்டு.

மூன்றாவது, உரிமையாளரைக் கண்டு, திருத்தும் உரிமையைப் பிறர்க்கும் வழங்கச் செய்க. படிவம் அழிக்கப்பட்டிருப்பினும் 30 நாட்களுக்குள் குப்பைத் தொட்டியினின்று அவர் மீட்கலாம்.

நான்காவது, அவர் அகப்படாவிடில் புதுப் படிவம் இயற்றுவதே வழி. முந்திய பதில்கள் சேர்ந்த அட்டவணை நம்மிடம் இருக்குமாயின் உழைப்பு வீணாகாது.

பதில் எழுதியவர் தம் பிழையைத் திருத்த விரும்பினாலோ, அதற்குச் சங்கத்தார் முன்னரே அனுமதி வைத்திருத்தல் வேண்டும். அனுப்பியபின் தோன்றும் திருத்த இணைப்பையும் அவர் காத்திருத்தல் வேண்டும். இல்லையேல் எழுத்து மூலம் தெரிவிக்க, காரியதரிசி அட்டவணையிற் திருத்துவார். அத்திருத்தம் படிவத்தினுள் இருக்கும் மூலப் பதிலை மாற்றாதாகையால், மாற்றிய தேதியையும் அருகிற் குறித்தல் நலம்.

அன்பர்களே! சங்கத்துப் பணப்பெட்டியின் சாவியை ஒருவரிடமே விட்டுவைப்போமா? இரண்டாண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகிள் நிறுவனத்தார் நீக்கிவிடலாம். அதிலுள்ள படிவமும் உடன் போகும். ஆகவே சங்கத்தின் பெயரால் ஒரு கணக்கைத் தொடங்கி, தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் மூவர்க்கும் திருத்தும் உரிமை அளிப்போமாக. குடும்ப விவரங்கள் அடங்கியதாகலின் அதற்கு மேற்பட்டோர்க்கு அளித்தல் தகாது. நிர்வாகிகள் மாறும்போது கணக்கையும் கையொப்பமிட்டு ஒப்படைப்போமாக. மாதம் ஒருமுறை ஒரு படி அச்சிட்டுச் சங்கத்தில் வைப்போமாக.

அடுத்த மழைக்காலம் வருமுன் இதனை முடிப்போமாயின், நம்மவருள் ஒரு குடும்பமும் விடுபட்டதென்னும் சொல் எழாது.