இல்லமே முதற்பள்ளி

(விஜயதசமித் திருநாளில், எழுத்தறிவித்தல் நிகழ்ச்சியின் நிறைவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)



இன்று காலை முதல் இம்மண்டபத்தில் நிகழ்ந்தவற்றை நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில், குழந்தைகளின் பிஞ்சு விரலைப் பற்றி, ‘அ’ என்னும் முதலெழுத்தை எழுதுவித்தார்கள். சில குழந்தைகள் சிரித்தன; பல குழந்தைகள் அழுதன. ஒரு குழந்தை மட்டும், எழுதி முடித்ததும் அரிசியைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, மறுபடியும் தானே எழுத முற்பட்டது. எழுத்து வரவில்லை, கோணலாக ஒரு கோடு வந்தது. அதையும் அழித்தது. மூன்றாம் முறை விரலை வைத்தபோது, பின்னால் பலர் காத்திருந்த காரணத்தால், தந்தையார் குழந்தையைத் தூக்கிச் சென்றுவிட்டார். அவரைக் குறை கூறுவது அடியேனின் நோக்கமன்று; வரிசை மிக நீளமானது. ஆயினும், இங்கே அமர்ந்திருந்த அடியேனுக்கு, இன்று கல்வி தொடங்கியது அந்த மூன்றாம் முயற்சியில்தான் என்று தோன்றிற்று.

கற்பவனுக்குரிய நற்குணங்கள் யாவை என்பதைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். பவணந்தி முனிவர் தம்முடைய நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாகப் பகுத்தார். நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் அன்னமும், வயிறார மேய்ந்து பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமைகள். நிலமும் கிளியும் இடைமாணாக்கருக்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கருக்கு. நெய்யரி என்பதை இக்காலத்துத் தேநீர் வடிகட்டி என்று கொள்ளலாம்; சாரத்தைக் கீழே விட்டுவிட்டுச் சக்கையைப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு.

கணித ஆசிரியனாக 34 ஆண்டுகள் பணியாற்றிய அடியேன், இந்தப் பட்டியலை வகுப்பறையில் அடிக்கடி எடுத்துரைப்பது வழக்கம். எதற்காக எடுத்துரைத்தேன் என்றால், எந்தப் பிள்ளை எருமை என்று சுட்டிக்காட்டுவதற்காக! வெட்கத்துடன்தான் இதனை ஒப்புக்கொள்கிறேன். நன்னூல் மாணாக்கரின் இயல்பை விளக்குகிறது. ஆனால், பிறக்கும்போதே ஒரு பிள்ளை அன்னமாகவோ வடிகட்டியாகவோ பிறந்துவிடுகிறது என்று அம்முனிவர் கூறியதாக எண்ணிக்கொண்டது என் அறியாமை. அப்படி எண்ணியதன் விலையை அடியேன் பள்ளியில் அல்ல, என் வீட்டிலேயே செலுத்த நேர்ந்தது.

என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை கணக்கில் முதன்மையாக விளங்கினாள். வீட்டிற்கு வருவோர் போவோரிடமெல்லாம், “இவள் பெரிய கெட்டிக்காரி, கணக்கு இவள் இரத்தத்திலேயே ஊறியது” என்று கூறி மகிழ்வேன். எந்தத் தந்தைதான் மகிழமாட்டான்? ஏழாம் வகுப்பில் ஒருநாள், அரிசி அளக்கச் சென்ற என் மனைவியின் கையில், அரிசிப் பானையின் அடியிலிருந்து நான்காக மடித்த விடைத்தாள் ஒன்று அகப்பட்டது. நூற்றுக்கு 38 மதிப்பெண். கீழே என் கையெழுத்தைப் போன்ற ஒரு கையெழுத்தைப் போடுவதற்கு முயன்று, அடித்து வைத்திருந்தாள்.

பொய் கூறியதற்காக அவளைக் கடுமையாகக் கண்டித்தேன். அவள் அழுதுகொண்டே கூறிய ஒரு சொல்லை அன்று காதில் வாங்கினேனேயன்றிக் கருத்தில் வாங்கவில்லை. “நான் கெட்டிக்காரி இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுமே அப்பா” என்றாள். பத்தாம் வகுப்பு முடிந்ததும், கணிதம் இல்லாத பாடப்பிரிவு எது என்று தேடி அதனையே எடுத்துக்கொண்டாள். நன்றாகத்தான் வாழ்கிறாள். ஆயினும் கணிதம் கற்பித்தவன் வீட்டில் கணிதத்தைக் கண்டு ஒளிந்துகொண்ட பிள்ளை வளர்ந்தது என்பது உண்மை.

பல ஆண்டுகள் கழித்து, 1998ஆம் ஆண்டு கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இரண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வினைப் பற்றிப் படித்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்தபின், ஒரு சாராரை “நீ மிகுந்த அறிவாளி” என்று புகழ்ந்தார்கள். மற்றொரு சாராரை “நீ நன்கு முயன்றிருக்கிறாய்” என்று புகழ்ந்தார்கள். அறிவாளி என்று புகழப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிய புதிரையே விரும்பினர். கடினமான புதிரில் தோற்றபின் அவர்களது திறன் குறைந்தது. அதுமட்டுமன்று, தாம் பெற்ற மதிப்பெண்ணை வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களுள் பலர் கூட்டி எழுதினர். அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு அரிசிப் பானை நினைவுக்கு வந்தது. இவ்வகைக் கருத்துகளால் மதிப்பெண் பெருமளவு உயர்ந்துவிடும் என்று பிற்காலத்தில் சிலர் கூறியது மிகை என்பதையும் அடுத்து வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அடியேன் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை எதை ஒளிக்கிறது, ஏன் ஒளிக்கிறது என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

தாய்மார்களே! மார்கழி மாத வைகறையில் உங்கள் பெண்பிள்ளைக்குக் கோலம் கற்பிக்கிறீர்கள் அல்லவா? ஏழு புள்ளி, ஏழு வரிசை வைக்கிறீர்கள். நேர்ப்புள்ளி எது, ஊடுபுள்ளி எது என்று காட்டுகிறீர்கள். குழந்தை ஒரு புள்ளியைத் தவறவிட்டுக் கோட்டை வளைத்துவிடுகிறது. அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? “உனக்குக் கோல அறிவே கிடையாது” என்று கூறுகிறீர்களா? இல்லை. புறங்கையால் அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, “இந்தப் புள்ளியைச் சுற்றி வா” என்கிறீர்கள். பிழை ஒரு நொடியில் மாவோடு போயிற்று; குழந்தை அடுத்த வளைவுக்குச் சென்றுவிட்டது. கோலம் எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டா. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அவர்களும் அவர்தம் குழுவினரும் 1970களில் நம் வாசற்கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண முறைகளைக் கொண்டு ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். அத்தகைய கணிதத்தை வாசலில் இவ்வளவு பொறுமையாகக் கற்பிக்கும் அதே தாய், மாலையில் கணக்கு நோட்டைத் திறந்ததும் வேறொருவராக மாறிவிடுவது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நோட்டில் பிழை சிவப்பு மையில் நின்றுவிடுகிறது. அது அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமே காரணமாக இருக்கலாம்.

இந்த அச்சம் பெரியோரையும் விடுவதில்லை. இங்கே மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையர் அவர்களின் வாழ்வை எண்ணிப் பார்க்கிறேன். 1855இல் பிறந்தவர்; உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். வசதி குன்றிய குடும்பம். மகனுக்குத் தமிழ் மீது ஏற்பட்ட பற்றினைக் கண்டு, நல்லாசிரியர் கிடைக்கும் ஊர்களைத் தேடிக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர் அத்தந்தையார். இறுதியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனைக் கொண்டு சேர்த்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக ஐயர் அமர்ந்தபோது அவருக்கு வயது 25. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், “என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள்?” என்று வினவினார். ஐயர் தாம் கற்ற நூல்களை அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவ்விடத்தில் எத்தனையோ விதமாகச் சமாளித்திருக்கலாம். ஐயரோ அந்நூலைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். சமண சமயக் கருத்துகள் புரியாத இடங்களில், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்கே சென்று கேட்டறிந்தார். சைவப் பெரும்புலவரின் மாணாக்கர், வேறு சமயத்தாரின் இல்லத்தில் மாணாக்கராக அமர்ந்தார். ஏழாண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணி அவரது பதிப்பாக வெளிவந்தது. ‘படித்ததில்லை’ என்று ஒருவர் ஒப்புக்கொண்டதிலிருந்து தொடங்கியது அந்தப் பெரும்பணி.

நம் வீடுகளில் இச்சொல் எத்தனை முறை ஒலிக்கிறது? இக்கோயில் வெளிப்பிராகாரத்தில் கருங்கல் தளத்தின் மீது வெள்ளைப் பூச்சினால் நடைபாதை இட்டிருக்கிறார்களே, அதனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற சித்திரையில் ஒரு சிறுவன், “அம்மா! கருப்புக் கல் சுடுகிறது, வெள்ளை ஏன் சுடவில்லை?” என்று கேட்டதை என் செவியால் கேட்டேன். “பேசாமல் நட, கால் கொப்பளிக்கும்” என்று பதில் வந்தது. அந்தத் தாய்க்கு விடை தெரியாமல் இருக்கலாம், அதில் குற்றமொன்றுமில்லை. “எனக்கும் தெரியவில்லையே, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்” என்று கூறியிருந்தால் போதும். இரண்டு ஓட்டுத் துண்டுகளில் ஒன்றில் சுண்ணாம்பையும் மற்றொன்றில் கரியையும் பூசி, நண்பகல் வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். எது அதிகம் சுடும் என்று தொடுவதற்கு முன்பே பிள்ளையை ஊகிக்கச் சொல்ல வேண்டும். வெண்மை ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, கருமை உள்ளே ஏற்றுக்கொண்டு சூடாகிறது என்னும் உண்மையை அதன்பின் ஆசிரியர் கூறும்போது, அப்பிள்ளைக்கு அது தன் சொந்தச் செல்வமாகிவிடும்.

“ஐயா, இவையெல்லாம் படித்தவர்களுக்கு. நான் எழுத்தறியாதவள். என் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். அடியேன் அவரிடம், “நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டா, பிள்ளையைச் சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள்” என்றேன். அன்றுமுதல் அப்பையன் மாலையில் தாயருகே அமர்ந்து, பள்ளியில் நடந்த பாடத்தை உரக்க விளக்குகிறான். தாயார் பூவைத் தொடுத்தவாறே கேட்கிறார். “இந்த இடம் எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்” என்று இடையில் நிறுத்துகிறார். விளக்க முயன்று தடுமாறும் இடத்தில்தான் தனக்கும் விளங்கவில்லை என்பது அப்பையனுக்குத் தெரியவருகிறது. மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வருகிறான். பட்டம் பெற்ற பெற்றோர் பலர், பிள்ளை பேசும்போது கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு ‘உம்’ கொட்டுகிறோம். அவருக்கு இரு கையும் பூவில் இருப்பதால் செவி முழுவதும் பிள்ளையிடம் இருக்கிறது போலும்!

நேரமாகிறது, ஒன்றே ஒன்று கூறி முடித்துக்கொள்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் என் மகள் தன் பெண்ணுடன் வந்திருந்தாள். பேத்தி கணக்குப் புத்தகத்துடன் என்னருகே அமர்ந்து, “தாத்தா, பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்?” என்று கேட்டாள். 34 ஆண்டுகள் அந்த விதியைக் கரும்பலகையில் எழுதியவன் நான். ஏன் என்று குழந்தைக்குப் புரியும்படி கூற வாய் திறந்தால் சொல் வரவில்லை. “தெரியவில்லையம்மா, நாளைக் காலை வரை நேரம் கொடு” என்றேன்.

மறுநாள் காலை தோசைக்கல்லின் அருகே விடை கிடைத்தது. முக்கால் தோசை இருக்கிறது. ஒருவருக்கு அரைக்கால் தோசை வீதம் கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும்? முழுத் தோசையில் அரைக்கால் எட்டு இருக்கும். நம்மிடம் இருப்பது முக்கால்தானே? ஆகவே எட்டில் முக்கால் பங்கு. ஆறு பேருக்கு வரும். எட்டில் ஒன்றால் வகுப்பது எட்டால் பெருக்குவதாக மாறியது இப்படித்தான். பேத்தி தோசையை வெட்டி வெட்டி எண்ணிச் சரிபார்த்துவிட்டு ஓடிவிட்டாள்.

அடுப்பருகே நின்றிருந்த என் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஏழாம் வகுப்பில் எனக்குப் புரியாமற்போனதும் இதுதான் அப்பா” என்றாள். சற்றுப் பொறுத்து, “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றாள்.

உள்ளே நைவேத்தியம் முடிந்து மணி ஒலிக்கிறது. பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள்; சுண்டல் பிரசாதம் தெற்கு வாயிலருகே வழங்கப்படும். காலையில் எழுதிய அரிசியைத் தாய்மார்கள் சிறு பையில் பெற்றுக்கொள்ளலாம் என்று அலுவலர் தெரிவிக்கச் சொன்னார். அதனை உலையில் இடுமுன், ஒரு தட்டில் பரப்பிப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.