மாவட்டந்தோறும் மனநலப் பணி: முதலீடும் தொடர்ச்சியும்

நாட்டின் முன்னேற்றத்தை அளவிடும்போது சாலை, பாசனம், மின்சாரம், பள்ளி ஆகியவற்றைக் கணக்கில் கொள்வது வழக்கம். உழைக்கும் வயதிலுள்ள ஒருவர் உளநோயால் வீட்டின் மூலையில் முடங்கிக் கிடப்பதால் நேரும் இழப்பு எளிதில் கணக்கில் ஏறுவதில்லை. அவரது உழைப்பு நின்றுபோகிறது. அவரைக் கவனிக்கும் பொருட்டு மற்றொருவரின் கூலியும் குறைகிறது. மருந்துக்கும் பயணத்துக்குமாகக் கடன் வளர்கிறது. ஆகவே, இத்துறையில் அரசு செலவிடும் பணத்தை ஆதரவற்றோருக்கு அளிக்கும் உதவியாக மட்டும் கருதலாகாது. அது உற்பத்திக்குரிய முதலீடு. ஆயினும் அம்முதலீடு பலன் தர ஒரு நிபந்தனை உண்டு. பணி இடையறாது நடைபெற வேண்டும். இங்கு கூடியுள்ள மாணவர்களும் அலுவலர்களும் சிறப்பாகச் சிந்திக்க வேண்டியது இதுவே.

மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே

1946ஆம் ஆண்டில் போர் குழு அறிக்கை அளித்தபோது, சுமார் 40 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் மனநோய் மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே. படுக்கைகளைப் பெருக்கித் தேவையை ஈடுசெய்வது இயலாத காரியம் என்பது விரைவில் புலனாயிற்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கச் செய்து, சிகிச்சையில் அவர்களையும் பங்குகொள்ள வைத்தார். நோயாளி குணமடைவதில் குடும்பமும் பங்கு வகிக்க இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று.

அடுத்த கட்டம் 1970களின் இடைப்பகுதியில் தொடங்கியது. சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்திலும், பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் அருகிலிருந்த சக்கல்வாராவிலும் சோதனைப் பணிகளை மேற்கொண்டன. வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளரால் உளநோயின் அறிகுறிகளைக் கண்டறிய முடியுமா, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரால் எளிய சிகிச்சை அளிக்க முடியுமா என்பவையே ஆராயப்பட்ட வினாக்கள். குறுகிய காலப் பயிற்சி அளித்தால் இரண்டும் இயலும் என்பது தெளிவாயிற்று. இவ்வனுபவத்தின் அடிப்படையில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று.

பெல்லாரியின் பாடம்

திட்டத்தை ஒரு மாவட்டம் முழுவதும் செயற்படுத்திப் பார்க்கும் முயற்சி, 1985 முதல் 1990 வரை கர்நாடகத்தின் பெல்லாரி (இன்று பல்லாரி) மாவட்டத்தில் நடைபெற்றது. ஏறத்தாழ 20 இலட்சம் மக்களைக் கொண்ட அம்மாவட்டத்தில் புதிய மனநோய் மருத்துவமனை எதுவும் எழுப்பப்படவில்லை. ஏற்கெனவே இருந்த சுகாதார நிலையங்களின் மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இன்றியமையாத சில மருந்துகள் அங்கேயே கிடைக்கச் செய்யப்பட்டன. எளிய பதிவேடுகள் பேணப்பட்டன. மாவட்ட அளவில் மனநலக் குழு வழிகாட்டியது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் இழந்து தொலைதூர நகரத்துக்குச் செல்ல வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது.

இம்மாதிரியைப் பின்பற்றி 1996இல் 4 மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்ட முடிவில் 27 மாவட்டங்களை எட்டியது. பின்னர் 767 மாவட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது.

ஒப்புதலும் பணியும்

ஒப்புதல் பெற்ற மாவட்டம் அனைத்தும் பணி நடைபெறும் மாவட்டம் ஆகிவிடாது. 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் மனநலக் குறைபாட்டால் அவதியுறுவதாகக் கண்டது. சிகிச்சை பெறாதோர் பங்கு, நோயின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. சிகிச்சைக்கும் பயணத்துக்கும் குடும்பங்கள் மாதந்தோறும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட நேர்ந்தது.

நிதி உரிய காலத்தில் வந்து சேராமை, நிபுணர் பணியிடங்கள் நிரப்பப்படாமை, மருந்து இருப்புக் குறைவு ஆகிய தடைகள் பல மாவட்டங்களில் காணப்பட்டன. இவற்றைச் சாதாரண நிருவாகத் தாமதங்களாகக் கருதுவது பிழை. ஒரு சாலைப் பணிக்குரிய நிதி ஆறு மாதம் தாமதித்தால் சாலை ஆறு மாதம் தாமதமாகும். அதுவரை போடப்பட்ட சாலை பெரும்பாலும் எஞ்சி நிற்கும். கடும் உளநோயாளிக்கு மருந்து ஆறு மாதம் தடைப்பட்டால், முன்பு பெற்ற பலனும் அழிந்துபோகக்கூடும். நோய் மீளும், வேலை போகும், நிலையத்தின்மீது குடும்பம் கொண்டிருந்த நம்பிக்கையும் போகும். போன நம்பிக்கையை மறு ஆண்டின் ஒதுக்கீட்டால் வாங்க முடியாது. எனவே இத்துறையில் கட்டடத்துக்கான மூலதனச் செலவைக் காட்டிலும் மருந்து, சம்பளம், பயணம் ஆகிய தொடர் செலவே உண்மையான முதலீடாகும்.

அருகில் பணி இல்லாதபோது குடும்பங்கள் எங்கு செல்கின்றன என்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் தப்ப இயலவில்லை.

செய்ய வேண்டுவன

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலப் பணிகளைப் பெறுவதை மக்களின் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவை, 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது. தொலைபேசி ஆலோசனை வழிகாட்டும். ஆனால் மாத்திரையைக் கையில் தராது. அழைத்தவர் சென்று சேரத்தக்க நிலையம் அருகில் இருந்தால்தான் அதன் பயன் முழுமை பெறும்.

ஆகவே, நடந்த முகாம்கள் எத்தனை, வந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கோடு மாவட்ட அலுவலர் நின்றுவிடலாகாது. சென்ற ஆண்டு சிகிச்சை தொடங்கியவர்களில் இவ்வாண்டும் தொடர்வோர் எத்தனை பேர், மருந்து இல்லாது திரும்பியோர் எத்தனை பேர், மீண்டும் வேலைக்குச் சென்றோர் எத்தனை பேர் என்ற மூன்று வினாக்களையும் காலாண்டுதோறும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை கூறும் பதிவேடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசைமீது இருக்குமானால், ஒதுக்கிய பணம் உரிய இடத்தைச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.